முதல் பக்கத்து மீசை

பத்திரிகையின் ஆண்டு விழாவன்று முதல் பக்கத்தில் முதலாளியின் படம் வர வேண்டும். படம் வந்திருந்தது. ஆனால் ஐந்தாம் பக்கத்தில், "காணவில்லை" என்ற தலைப்பில்.

சேலம் "உதயபேரிகை"யின் உதவி ஆசிரியர் அமிர்தசாமி, வீட்டு வாசலில் நின்றபடியே அதைப் பார்த்தார். தங்க பிரேம் கண்ணாடி, கோட்டு, மழமழவென்று மழித்த முகம். சாட்சாத் முதலாளி பரமானந்தம். கீழே, "தேர் பார்க்கப் போன என் கணவர் ஐந்து வருடமாகத் திரும்பவில்லை. கண்டவர்கள் தெரிவிக்கவும். சௌந்திரம், குமாரபாளையம்."

அவசர அவசரமாக முதல் பக்கத்துக்கு வந்தார். தலையில் உருமால் கட்டிக்கொண்டு, காது வரைக்கும் மீசையோடு அந்தக் காணாமல் போன கணவர் அங்கே கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். "நமது நிறுவனர் உயர்திரு பரமானந்தம் அவர்கள். படம்: செபஸ்தியான் ஸ்டூடியோ."

அடுத்த ஞாயிறு பூசையில் மகள் இசபெல்லாவுக்கு மூன்றாவது முறையாகக் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கப் போகிறார்கள். இந்த நேரம் பார்த்து வேலை போனால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது? போன மாதம் கலெக்டர் பெயரோடு பட்டத்தைப் போடாமல் விட்டதற்கே முதலாளி, "இன்னொரு தப்பு நடந்தா வீட்டுலயே இருந்துக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அதெல்லாம் ஒரு தப்பா? தப்பு என்றால் இதுவல்லவா தப்பு!

அச்சுக்கூடத்துக்கு ஓடினார். ஃபோர்மன் சவரியார் நிதானமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"படம் அச்சடிக்கிற ரெண்டு பிளாக்கையும் மாத்திக் கோத்துட்டு வெத்தலையா போடறீங்க?"

"பிளாக்குல மூஞ்சி தெரியுமா சாமி? கறுப்பு வெளுப்பாத் தெரியும், வலது இடதாத் தெரியும். மதராஸ்ல இருந்து வந்த பிளாக்கைப் பிரிச்சுப் பார்த்து, மறுபடி காகிதம் சுத்தி, அதுமேல பேரு எழுதிக் குடுத்தது யாரு?"

எழுதிக் கொடுத்தவர் அமிர்தசாமிதான். மேற்கொண்டு விசாரணை தேவைப்படவில்லை.

முதலாளி கோயமுத்தூர் போயிருந்தார். மறுநாள் காலை ரயிலில்தான் வருவார். அதற்குள் ஊரில் யாராவது கவனித்தார்களா என்று தெரிய வேண்டும். நேராக டீக்கடைக்குப் போனார்.

"முதலாளி படம் பிரமாதமுங்க," என்றார் கடைக்காரர் சென்னியப்பன்.

"எந்தப் பக்கத்துல?"

"மொதப் பக்கத்துலதானுங்க. அச்சு அசல் அவரேதான்!"

"மீசை இருக்கே, பார்க்கலியா?"

"பார்த்தனுங்க. எடுப்பா இருக்குது. ஏன் எடுத்துட்டாராம்?"

அமிர்தசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது. இந்தக் குருடர்களுக்காகவா இத்தனை வருடம் கண் போகப் புரூஃப் பார்த்தோம்! போகட்டும், கர்த்தர் கண்ணைத் திறக்காமல் வைத்தாரே என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

மத்தியானம் செபஸ்தியான் வந்தார். முதலாளியைப் படம் பிடித்தவர் அவர்தான்.

"அமிர்தசாமி, நீயும் ஒரு கிறிஸ்தவனா? எவனோ கல்யாண வீட்டுல எடுத்த மீசைக்குக் கீழே என் ஸ்டூடியோ பேரைப் போட்டிருக்கியே! நான் எடுத்த படம் அஞ்சாம் பக்கத்துல பேரில்லாம அநாதையாக் கிடக்கு!"

"ஆளே மாறிப்போச்சுய்யா. அது உனக்குப் பெரிசாத் தெரியலியா?"

"ஆள் எக்கேடு கெட்டாலும் போகட்டும். என் பேரு என் படத்துக்குக் கீழே வரணும். நாளைக்கே திருத்தம் போடலேன்னா முதலாளிகிட்ட நானே போய்ச் சொல்றேன்."

அந்த ஆள் செய்தாலும் செய்வார். வேறு வழியில்லை. மறுநாள் முதல் பக்கத்தில் இரண்டு படங்களையும் பெரிசாக, பக்கத்தில் பக்கத்தில் போட்டு, "இவர் நமது நிறுவனர், இவர் காணாமல் போனவர், நேற்று இடம் மாறியதற்கு வருந்துகிறோம்" என்று அமிர்தசாமி திருத்தம் எழுதினார். செபஸ்தியான் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டார்.

செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டாமா? பாவம், அந்தக் குமாரபாளையத்து அம்மாள் தப்பான முகத்தைத் தேடி அலையக் கூடாது. குமாரபாளையத்துக்குப் பத்திரிகை இரண்டு கட்டு அதிகமாகப் பஸ்ஸில் ஏற்றினார். "ஆபீசுக்கு வந்தால் நேரில் மன்னிப்புக் கேட்கிறோம்" என்று அந்த ஊர் ஏஜெண்ட் மூலம் அவளுக்குச் சொல்லியும் அனுப்பினார்.

மறுநாள் காலை முதலாளி ஸ்டேஷனிலிருந்து நேராக ஆபீசுக்கு வந்தார். கையில் பத்திரிகை. முகத்தில் ஈயாடவில்லை. திட்டவும் இல்லை. வாயைத் திறந்தால் ஊரையே கூட்டுகிற மனுஷர் மெதுவாகப் பேசினார்.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடச் சொன்னது யாரு?"

"நான்தானுங்க. ஜனங்க ஒப்பிட்டுப் பார்க்கட்டும்னு..."

"குமாரபாளையம் கட்டை நிறுத்து."

"ரெண்டு கட்டு அதிகமாவே போயிருச்சுங்க."

முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொம்பளை பார்த்திருப்பாளா?"

"பார்க்காம இருப்பாங்களா? இங்கயே வரச்சொல்லி ஆள் விட்டிருக்கனுங்க."

முதலாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். "நான் மதராஸ் போறேன். வர நாளாகும்."

சீட்டுக் கிழிந்தது என்று அமிர்தசாமிக்குப் புரிந்துவிட்டது. மானத்தைப் பார்த்தால் கல்யாணம் நடக்காது. வாசற்படியில் தொப்பென்று விழுந்து முதலாளியின் இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டார்.

"ஐயா, மகளுக்கு ஓலை வாசிச்சாச்சுங்க! என்னைக் கைவிட்டுராதீங்க!"

"விடுய்யா! உனக்குச் சம்பளத்தை ஏத்தித் தரேன், காலை விடு!"

முதலாளி குத்தலாகப் பேசுகிறார் என்று நினைத்த அமிர்தசாமி இன்னும் இறுக்கிப் பிடித்தார். இந்த இழுபறியில் பெட்டி ஒரு பக்கமும் தங்க பிரேம் கண்ணாடி ஒரு பக்கமுமாக விழுந்தன.

அப்போதுதான் படியேறி வந்தாள் ஒரு பெண்பிள்ளை. கையில் நேற்றைய பத்திரிகையும் இன்றைய பத்திரிகையும் இருந்தன. "குமாரபாளையம் சௌந்திரமுங்க. வரச்சொன்னீங்களாமா?"

பிடித்த காலை விடாமலே அமிர்தசாமி நிமிர்ந்து பார்த்தார். கண்ணீர் முட்டியது.

"அம்மா, குத்தமெல்லாம் என்மேலதான். நேத்து ஆளை மாத்திப் போட்டுட்டேன். உங்க வீட்டுக்காரர் மீசைக்காரருங்க. மீசை இல்லாதவர் இதோ, எங்க முதலாளி. நீங்கதான் பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்."

சௌந்திரம் படத்தைப் பார்க்கவில்லை. முதலாளியின் முகத்தையே நின்று பார்த்தாள்.

"எதுக்குங்க சாமி மன்னிப்பெல்லாம்? மீசை வச்சிருந்தாலும் செரைச்சிருந்தாலும் ரெண்டும் என்ற ஊட்டுக்காரருதானுங்க. அந்தக் காலை மட்டும் உட்டுராதீங்க!"