ஏழு பெயர் கொண்ட ஓட்டை

ஒரே சொல்லை ஒரே தாளில் இரண்டு முறை எழுதுவது ஏழைத்தனம் என்று நம்பிய வயது எனக்கு ஒன்று இருந்தது. அந்த நம்பிக்கையால் எங்கள் ஊர்க் கண்மாயில் பாதித் தண்ணீர் போயிற்று.

நாட்குறிப்பைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். 1938, வெகுதானிய வருஷம். (பெயரைப் பாருங்கள். எங்கள் சித்தப்பாவுக்கு அந்த வருஷம் ஒரு மரக்கால் தானியம்கூட வீடு வந்து சேரவில்லை. காரணம் நான்.) எனக்குப் பத்தொன்பது வயது. புதுக்கோட்டையில் இன்டர்மீடியட் தேறிவிட்டு, திருவரங்குளத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் வேலையில்லாமல் இருந்தேன். ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதாவது, தெரியாது என்று நிரூபிக்க அங்கே ஆளில்லை.

கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். பழைய கடையில் அட்டை இல்லாமல் கிடைத்த சொற்கோவை ஒன்றிலிருந்து, ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லுக்கும் அதன் பங்காளிகளையெல்லாம் வரிசையாக அதில் எழுதி வைத்திருந்தேன். பங்காளிகளுக்குள் என்ன வித்தியாசம் என்பதை மட்டும் எழுதவில்லை.

புரட்டாசியில், மடைக்குப் பக்கத்தில் கண்மாய்க் கரையில் ஓர் ஓட்டை விழுந்தது. நண்டு வளைதான், ஆனால் மடைக் கல்லை ஒட்டி ஓடியது. சர்க்கார் உத்தரவில்லாமல் மடைக் கல்லில் கைவைக்கக் கூடாது. ஆகவே சமஸ்தான மராமத்து ஆபீசுக்கு மனு எழுதும்படி ஊர்த்தலைவரான அம்பலகாரர் என்னிடம் வந்தார்.

“கரையில ஒரு ஓட்டை. மழைக்கு முன்ன அடைச்சுத் தரணும். அம்புட்டுத்தான் தம்பி.”

அம்புட்டுத்தானை நான் மூன்று பக்கத்துக்கு எழுதினேன். முதல் பத்தியில் ‘ஹோல்’ என்று போட்டாயிற்று. அதையே மறுபடி எழுதினால் நம் படிப்புக்கு என்ன மரியாதை? இரண்டாம் பத்தியில் ‘கேவிட்டி’ ஆனது. அது பல்லில் விழும் சொத்தைக்குப் பொருந்தும் பொந்து. பிறகு ‘கேப்’, இடைவெளி. ‘ஃபிஷர்’, பாறையில் ஓடும் நீள வெடிப்பு. ‘ரென்ட்’, சேலையில் விழவேண்டிய கிழிசல். ‘பிரீச்’, கரையே உடைந்து போவது. கடைசிப் பத்தியில், முத்தாய்ப்பாக, ‘காஸம்’. இரண்டு மலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பாருங்கள், அந்தப் பாதாளம். ஒரு நண்டு தன் வளைக்கு இத்தனை பட்டம் கிடைக்கும் என்று கனவு கண்டிருக்காது.

சாவடியில் உரக்க வாசித்தேன். ஒருவருக்கும் புரியவில்லை, எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஊரே கைநாட்டு வைத்தது.

ஐப்பசி இரண்டாம் வாரம், புதன்கிழமை, ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். அதற்குள் இரண்டு மழை பெய்து கண்மாய் முக்கால் நிறைந்திருந்தது. ஓட்டையைப் பார்த்தார், அளந்தார், பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் மனுவைப் படித்து அவர் போட்ட பட்டியல் அது. ஒன்று முதல் ஏழு வரை இலக்கம் இட்டிருந்தது.

“இது ஒண்ணு ஆச்சு. மத்த ஆறையும் காட்டுங்க” என்றார். பொய் மனு என்று தெரிந்தால் தள்ளுபடி ஆகும், கைநாட்டு வைத்தவர்கள் ஆபீசுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும் என்றும் சாதாரணமாகச் சொன்னார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ‘ஏழும் ஒன்றுதாங்க, அழகுக்காக மாற்றி எழுதினேன்’ என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். ஆனால் அவருக்கு இங்கிலீஷ் தெரியும். அந்த ஒரு மனிதர் முன்னால் மூடனாக நிற்க எனக்கு மனம் வரவில்லை.

“அங்கிட்டு இருக்குங்க. சாப்பிட்டு வாங்க, காட்டுறோம்” என்றேன்.

அம்பலகாரர் அவரைத் தம் வீட்டில் இலை முன் உட்கார்த்திவிட்டுக் கரைக்கு ஓடி வந்தார். “அந்த ஆறும் எங்கிட்டு இருக்கு தம்பி?” நான் நோட்டைப் புரட்டினேன். அவர் மனிதர்களைப் படிக்கத் தெரிந்தவர். தண்ணீரைப் பார்த்தார். “ஊர் கைநாட்டு பொய்யாகக் கூடாது” என்றார். சித்தப்பா மம்பட்டியோடு முன்னால் வந்தார்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. மீதி ஆறு ஓட்டைகளையும் அவர்கள் கரையில் வெட்ட, நான் நோட்டும் கையுமாகக் கரைமேல் நின்று அளவு சொன்னேன். ஃபிஷர் நீளமாக, ஒடுங்கலாக. ரென்ட் கொஞ்சம் கோணலாக. சொல்லச் சொல்ல எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சொற்களின் வித்தியாசம் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு விளங்கியது அன்றுதான். பொந்து சரியில்லை, வாய் இன்னும் குறுகலாக இருக்கவேண்டும் என்று ஒருவரைத் திருத்தக்கூடச் செய்தேன்.

கடைசியாக, கரையின் தாழ்ந்த இடத்தில் சித்தப்பா நின்றார்.

“இது எம்புட்டுப் பெருசுடா?”

“காஸமா... அது ரொம்பப் பெருசு சித்தப்பா.”

“ரொம்பன்னா?”

“இன்னும் வெட்டுங்க.”

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வெட்டினார்.

ஓவர்சியர் வெற்றிலை மென்றபடி தூரத்தில் வரும்போதே கரை பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. சித்தப்பா தாவி ஏறித் தப்பினார். அவர் நின்ற இடம் தண்ணீராகப் போனது. போகிற போக்கில் பக்கத்திலிருந்த கேப்பையும் ரென்ட்டையும் பிரீச்சையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. வைக்கோல், பனைமட்டை, மண்மூட்டை என்று ஊரே வந்து விழுந்தது. ஓவர்சியர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். நானும் மண் சுமந்தேன். நோட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. பொழுது சாயும்போது அடைத்தோம். பாதித் தண்ணீர் போய்விட்டது. அது போன வழியில் முதல் வயல் சித்தப்பாவுடையது. நட்டுப் பத்து நாள் ஆன பயிர்மேல் முழங்கால் மணல்.

ஓவர்சியர் சேற்றோடு என்னிடம் வந்து, நிலைமையை இவ்வளவு துல்லியமாக எழுதிய மனுவைத் தம் சர்வீசில் பார்த்ததில்லை என்றார். அப்படியே ரிப்போர்ட்டும் எழுதினார். கல்லும் சுண்ணாம்பும் வந்தன. தையில் எனக்கு அதே ஆபீசில் குமாஸ்தா உத்தியோகமும் வந்தது. ஊர் என்னை வாழ்த்தி அனுப்பியது. கரை உடைந்த நாளின் குறிப்பில் ‘மழை இல்லை. கண்மாய் உடைந்தது’ என்று மட்டும் இருக்கிறது. ஏன் உடைந்தது என்று எழுதக் கை வரவில்லை.

மறுவருஷ அறுப்பின்போதுதான் சித்தப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். ஏழும் ஒரே ஓட்டைதான் என்றேன்.

“தெரியும்டா. நான் பாக்காத கரையா?” என்றார் அவர், கதிர்க்கட்டை இறக்கியபடி. “ஒம் மூஞ்சி அழுகுற மாதிரி இருந்துச்சு. அதான் வெட்டுனேன்.”

அவர் திட்டியிருந்தால் நான் இதை மறந்திருப்பேன். ஆனால் சித்தப்பா வீட்டார் மறக்கவிடவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை இன்றும் அந்த வீட்டுக்குப் போகிறேன். நான் படலைத் திறக்கும்போதே அவருடைய பேரப்பிள்ளைகளில் ஒன்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கும்:

“பெரியப்பா வாராக. மம்பட்டிய எடுத்து உள்ள வைங்க.”