மலைப்பள்ளிக்கு ஆள் பிடித்த கதை

தலையில் தகரப் பெட்டி, கக்கத்தில் காகிதக் கட்டு. மாரியம்மன் கோயிலை விட்டு வேகமாக நடந்துகொண்டிருந்தேன். பென்தான் என்ற பெரிய சந்தையைத் தாண்டும்போது பூ விற்கிற பெண்கள் என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். சைகோன் மத்தியான வெயிலில் கழுத்தில் டை கட்டி, மேலே கம்பளி ஸ்வெட்டரும் மாட்டிக்கொண்டு போகிறவனைப் பார்த்து வேறு என்ன செய்வார்கள்? (ஸ்வெட்டர் பெட்டிக்குள் அடங்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.)

எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அன்று நான் நம் ஊர் மலைமேல் இருக்கும் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் சைகோன் பிரதிநிதி. முந்தின மாதம் வரை கப்பலில் பாத்திரம் தேய்த்தவன். அதே கப்பலில் அந்தப் பள்ளிக்கூடத்தின் முதலாளி வந்தார். சைகோனில் தமிழ்க் குடும்பங்கள் உண்டு, சண்டைக்குப் பயந்துபோன பெற்றோர்களும் உண்டு என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். விளம்பரக் காகிதக் கட்டையும், விடுதிக்குப் பையன்கள் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று காட்டும் மாதிரிப் பெட்டியையும் என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த துறைமுகத்துக்குப் போய்விட்டார். ஆறு பையன்களைச் சேர்த்துவிட்டால் அவர்களுக்குத் துணையாகச் சனிக்கிழமைக் கப்பலில் நானும் ஊர் போகலாம். போனதும் அங்கேயே விடுதி வார்டன் வேலை. கட்டில், கம்பளி, மூன்று வேளைச் சாப்பாடு. கோயில் மண்டபத்தில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கட்டில் கனவில்கூட வந்தது.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தப் பள்ளியை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் போகிற வீட்டிலெல்லாம், நான் அங்கே படித்தவன் என்று சொல்லிவைத்திருந்தேன். என் படிப்பு உண்மையில் பாதி ஆறாம் வகுப்பு. அதுவும் தஞ்சாவூர்ப் பக்கம், சோற்றில் கல் பொறுக்கிச் சாப்பிடும் ஒரு விடுதியில். எல்லா விடுதியும் ஒரே மாதிரிதானே இருக்கும் என்று ஒரு தைரியம்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், எதில் சிப்பாய்கள் படுத்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் என் வியாபாரம் நன்றாகவே நடந்தது. ஐந்து வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். ஆறாவது, பால்காரர் மாணிக்கம் அண்ணன். காரைக்கால்காரர். சைகோனுக்கு வெளியே குச்சி என்ற ஊர்ப் பக்கம் மாடு வைத்திருந்தவர், அங்கே சண்டை முற்றியதும் மாடுகளை ஓட்டிக்கொண்டு நகரத்து ஓரத்துக்கு வந்துவிட்டார். ஆறு வீட்டாரும் தன் வீட்டிலேயே கூடி ஒன்றாகக் கையெழுத்துப் போடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தேன்.

போனால், கூடம் நிறைய ஆட்கள். ஆறு பையன்களும் சுவரோரம், ஊசி போட அழைத்து வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் அழுது முடித்திருந்தார்கள், ஒருவன் இன்னும் முடிக்கவில்லை. மேசைமேல் ஆறு விண்ணப்பத் தாள்கள். சுங்க ஆபீஸ் குமாஸ்தா அந்துவான், எல்லோரையும் பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்று அழைக்கும் பாண்டிச்சேரிக்காரர், முதல் ஆளாகப் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். இரண்டு கம்பளி, எனாமல் தட்டு, பூட்ஸ், சோப்பு டப்பா. விளம்பரக் காகிதத்தில் இருந்த குதிரைப் படத்தைக் காட்டி, ஞாயிற்றுக்கிழமை தோறும் பையன்களுக்குக் குதிரை என்றேன். (படத்தில் இருந்தது ஒரே குதிரை. அதன்மேல் இருந்தவர் வாத்தியார் மாதிரியும் தெரிந்தது.) மலைமேல் வெடிச்சத்தமே கேட்காது என்று சொன்னபோது எல்லோரும் ஒரு மூச்சு விட்டார்கள். என் குரல் எனக்கே பிடித்துப்போனது. அந்துவான் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

அப்போது மாணிக்கம் அண்ணனின் மனைவி லான் அக்கா வாசல்படியில் இருந்து பேசினாள். வியத்நாம்காரி. பதினைந்து வருஷம் பால் வாடிக்கைக்காரர்களோடு சண்டை போட்டே தமிழ் கற்றவள்.

"தம்பி, பையன் வெளிய ஓடிட்டா? மலையில காடு இருக்குமே."

"ஓடவே முடியாதுக்கா. சுத்தி சுவரு."

"எவ்வளவு ஒசரம்?"

"ஒன்றரை ஆள். மேல கண்ணாடி பதிச்சிருக்கும்."

"சுத்தியுமா?"

"முன்பக்கம் பூரா."

"பின்பக்கம்?"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடியிருந்தால் இன்றைக்கு நான் ஓய்வுபெற்ற வார்டன்.

"பின்பக்கம் சமையல்கட்டுக்கா. அங்க கண்ணாடி கிடையாது, ஆனா வாட்ச்மேன் இருப்பான். விடியக்காலம் நாலரை மணிக்கு அவன் பால் வாங்க வாசலுக்குப் போவான், அப்ப மட்டுந்தான் இருக்கமாட்டான். விறகு அடுக்கியிருப்பாங்க, அதுமேல ஏறினா..."

ஏறினேன். எனக்கு அந்தச் சுவர் கண்முன் நின்றது. சட்டையைக் கழற்றிச் சுவர்மேல் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தொடை சிராய்க்கும் என்றேன். குதிக்கும்போது முழங்காலை மடக்க வேண்டும் என்று குதித்தே காட்டினேன். ஸ்டேஷனுக்கு ரோட்டு வழியாகப் போகக்கூடாது, வாய்க்கால் வழியாகப் போக வேண்டும். ரயிலில் பெஞ்சுக்கு அடியில் படுத்தால் தலை ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் டிக்கெட் பரிசோதகர் மிதிக்கமாட்டார். பையன்கள் ஆறு பேரும் வாயைப் பிளந்துகொண்டு முன்னால் நகர்ந்து வந்துவிட்டார்கள். இத்தனை கவனமாக யாரும் அதுவரை நான் பேசிக் கேட்டதில்லை. உற்சாகத்தில் மிதந்தேன்.

அந்துவான் பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தத்தில்தான் எனக்குச் சுரணை வந்தது.

"எத்தினி தபா முசியே?" என்றார், மிகவும் மரியாதையாக.

"நாலு தடவை."

"புடிச்சாங்களா?"

"மூணு தடவை."

"நாலாவது?"

"நாலாவது தடவை ஓடினவன்தான் இங்க வந்து நிக்கிறேன்."

யாரோ ஒருவர் இருமினார். நான் அவசரமாக, அது இந்தப் பள்ளி இல்லை, வேறு பள்ளி, தஞ்சாவூர்ப் பக்கம் என்று விளக்கினேன். அப்படியானால் இந்தப் பள்ளியில் படித்ததாகச் சொன்னது என்ன என்று மாணிக்கம் அண்ணன் கேட்டார். நான் எனாமல் தட்டை எடுத்துத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. அதுவரை அழுதுகொண்டிருந்த பையன் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, நான் போறேன்" என்றான். மற்ற ஐந்து பேரும் போகிறேன் போகிறேன் என்று கத்தினார்கள். ஒரு பள்ளிக்கூடத்தை அதைவிட நன்றாக யாரும் விளம்பரப்படுத்தியிருக்க முடியாது. பெற்றோர்கள் ஆளுக்கொரு தாளை எடுத்து மடித்தார்கள், ஆளுக்கொரு பையனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

லான் அக்கா மட்டும் என்னைத் திட்டவில்லை. "இங்க குண்டு விழுந்தா நான் பக்கத்துல இருப்பேன். அங்க இவன் சுவர்மேல இருந்து விழுந்தா யாரு இருப்பா?" என்று கேட்டாள். பிறகு ஒரு தட்டில் சோறும் மீன்குழம்பும் வைத்தாள். சனிக்கிழமைக் கப்பலை நினைத்துக்கொண்டே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். துக்கத்தில் பசி குறையும் என்பவர்கள் பசியைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை கோயில் மண்டபத்தில் யாரோ என் காலைத் தட்டினார்கள். மாணிக்கம் அண்ணனும் லான் அக்காவும். அவர்கள் மகன் விடியற்காலை நாலரை மணிக்கு வைக்கோல்போர்மேல் ஏறிப் பின்சுவரைத் தாண்டியிருக்கிறான். சட்டையைக் கழற்றிச் சுவர்மேல் போட்டு, முழங்காலை மடக்கி, சரியாகவே குதித்திருக்கிறான். வாய்க்காலில் வைத்துப் பிடித்தார்களாம். அந்துவானின் மகனும் அதே வாய்க்காலில் கிடைத்திருக்கிறான். இந்த ஊரில் எங்கே போய் ரயில் ஏறுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்களாம்.

"நீ சொல்லிக் குடுத்தது. நீயே பாத்துக்க" என்றாள் லான் அக்கா.

சந்தைக்கு அருகே பாதிரிமார் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்று அப்போதைக்குத் திறந்திருந்தது. ஆறு பையன்களையும் தினமும் நான் அங்கே கொண்டுபோய் விட்டு, வாசலிலேயே காத்திருந்து, சாயங்காலம் மாணிக்கம் அண்ணன் வீட்டில் சேர்க்க வேண்டும்; அவரவர் வீட்டார் அங்கே வந்து அழைத்துப்போவார்கள். இரண்டு வேளைச் சாப்பாடு, அண்ணன் வீட்டு வைக்கோல் அறையில் படுக்கை. ஆறு வீட்டாரும் பேசி முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். நான் முகம் கழுவிக்கொண்டு அப்போதே கிளம்பினேன். அந்தப் பையன்களில் இரண்டு பேர் இப்போது பிரான்சில் இருக்கிறார்கள். கடிதத்தில் இன்றைக்கும் நான் 'வார்டன் அண்ணன்'தான்.

அந்த முதல் நாள் சாயங்காலம் பையன்களை மாணிக்கம் அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். லான் அக்கா ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். ஆறு வந்தது. பிறகு என் தலையிலும் கை வைத்து, ஏழு என்று சொல்லிவிட்டுக் கதவைத் தாழ் போட்டாள்.