முழக்கோல் மாமாவின் குற்றமற்ற வேட்டி

அன்று கடையில் இருந்தவர்கள்: முழக்கோல் மாமா, அவர் மனைவி, என் அம்மா, நான். இல்லாதவர்கள்: சாயல்குடி உப்பளத்திலிருந்து இன்னும் வந்து சேராத அத்தான், வீட்டில் பச்சை உடம்போடு கிடந்த அக்கா, இந்த விவகாரத்துக்கெல்லாம் காரணமாக அன்று விடிகாலையில் பிறந்த அவள் மகன்.

வாங்க வந்தவர்களுக்குத் துணி விற்க மறுத்த ஜவுளிக்காரர் உலகத்திலேயே முழக்கோல் மாமா ஒருவர்தான். உச்சிப்புளிக் கடைத்தெருவில் அவர் கையை விட்டு முழக்கோல் இறங்கி யாரும் பார்த்ததில்லை. அதால்தான் துணி அளப்பார், நாய் விரட்டுவார், முதுகு சொறிவார். அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவி சொல்ல மாட்டாள், மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். கல்யாணச் சேலை எடுக்க வந்தவர்களிடம், "மாப்பிள்ளை யாரு? அவனா? அவனுக்கு இந்தச் சேலை அதிகம்" என்று சொல்லி மடித்து வைத்துவிடுவார்.

ஆனால் பிள்ளை பிறந்த வீட்டார் அவரைத் தேடித்தான் வருவார்கள். அதுவும் புதுத் துணிக்கல்ல, அவர் உடுத்திய பழைய வேட்டிக்கு. அவருக்கு ஒன்பது பிள்ளைகள், ஒன்பதும் கல்லுக்குண்டு. அப்படிப்பட்டவர் வேட்டியைக் கிழித்துப் பிள்ளைக்கு முதல் இடுப்புத்துணி கட்டினால் பிள்ளை தங்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்காவுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சுகாதாரப் பாடம் ஞாபகத்துக்கு வந்தது.

"புது மல் துணி வாங்கி வெந்நியில அலசிக் கட்டினாப் போதும்மா."

"ஏலே, பரீட்சை எழுதவா வந்திருக்கோம்? பேசாம இரு."

அத்தை பழைய வேட்டிகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து வைத்தாள். மாமா ஒவ்வொன்றாக விரித்தார்.

"இதைக் கட்டிக்கிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போனேன். பய வம்புக்காரனா வருவான்."

அடுத்தது. "இது மச்சினன் சாவுக்குப் போனது." அதை அம்மாவே தள்ளி வைத்தாள்.

"இது ராமேஸ்வரத்துல தீர்த்தமாடினது."

அம்மா முகம் தெளிந்தது. "நல்லதுதானண்ணே?"

"திரும்பி வாரப்ப ரயிலுக்கு டிக்கெட் எடுக்கல."

இன்னொன்று சீட்டாட்டத்துக்குப் போனது. "தோத்தீகளா மாமா?" என்று கேட்டேன்.

"தோத்திருந்தாக் குடுத்திருவேன். ஜெயிச்சுட்டேன். பயலுக்கு ருசி பிடிச்சிரும்."

கட்டு தீர்ந்துவிட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ரெண்டு போயிருச்சுண்ணே. இதுவும்..."

மாமா முழக்கோலைக் கீழே வைத்தார்.

நிலைப்படியில் சாய்ந்திருந்த அத்தை கேட்டாள்: "இடுப்புல இருக்கறது என்ன குத்தம் பண்ணுச்சு?"

மாமா குனிந்து பார்த்தார். வருஷக்கணக்காகக் கடையில் உட்கார்ந்தே நைந்து பூவாகிப்போன வேட்டி. அவர் உடம்பு பொறுக்கிற வேட்டி அது ஒன்றுதான். வெகுநேரம் யோசித்தார்.

"இதைக் கட்டிக்கிட்டு ஒரு தப்பும் பண்ணலையே" என்றார், வருத்தமாக.

"வியாபாரமும் பண்ணல" என்றாள் அத்தை.

உள்ளே போனவர் கடைச் சரக்கில் ஒரு புது வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். கஞ்சி மொடமொடப்பில் உட்கார முடியவில்லை. நின்றபடியே பழையதை அளந்து அளந்து கிழித்தார். "தம்பி சொன்னபடி வெந்நியில அலசிக் கட்டு தாயி. பாடத்துல போட்டிருக்கான்ல" என்று அம்மாவிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு என்னை எங்கே கண்டாலும் ஒரே கேள்விதான். ரயிலடியில் நாலு பெரிய மனிதர்களோடு நான் சலவைச் சட்டையில் நின்றாலும் எதிர்ச் சாரியிலிருந்து கேட்பார்: "ஏலே, என் வேட்டி நனைஞ்சுச்சா?"

"நனைஞ்சுச்சு மாமா."

"நல்லா நனையட்டும்."

பையன் நடக்கத் தொடங்கியதும் அக்கா அவனைக் கடைக்குத் தூக்கி வந்தாள். அன்று கடைச் சரக்கில் எடுத்துக் கட்டிய வேட்டிதான் மாமா இடுப்பில். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பையன் யோசிக்கவே இல்லை, நனைத்துவிட்டான். அக்கா பதறிப்போய்க் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும் தாயி. இப்பத்தான் இந்த வேட்டி கொஞ்சம் பதமாகுது" என்று, பிள்ளையை இறக்காமல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

ஆக மொத்தச் செலவு: எங்களுக்கு ஒன்றுமில்லை, அவருக்கு இரண்டு வேட்டி.