பள்ளத்தில் போட்ட பீன்ஸ்

ஒரு காட்டில், அதுவும் மேகம் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போகமாட்டேன் என்கிற மலைக்காட்டில், வெள்ளைத்தாயி என்று ஒரு முள்ளம்பன்றி குடியிருந்தாள். வீட்டுக்கு முன்னால் நாலு பாத்தி நிலம். அதில் அவள் வருஷா வருஷம் பீன்ஸ் போடுவாள். வருஷா வருஷம் அது கருகும்.

மலைக்காட்டுக் குளிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழ்நாட்டு ஆட்களுக்குப் புரியாது. மார்கழி, தை இரண்டு மாசமும் அங்கே உறைபனி விழும். விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்பைக் கொட்டின மாதிரி வெளுத்துக் கிடக்கும். கேரட்டும் முட்டைக்கோஸும் எப்படியோ தாக்குப்பிடிக்கும். பீன்ஸ் முளை தாங்கவே தாங்காது. ஒரு பனி பட்டால் போதும், மத்தியானத்துக்குள் ஆள் காலி. சரி, பனி எல்லாம் போகட்டும் என்று ரொம்பத் தள்ளிப்போட்டால், பூவெடுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு அத்தனையையும் உதிர்த்துவிடும். நடுவில் சரியாகப் பத்து நாள் இருக்கிறது. அது எந்தப் பத்து நாள் என்று பஞ்சாங்கத்திலும் போட்டிருக்காது. செல்போனில் பார்த்தால் அடிவாரத்து வெயிலைக் காட்டும்.

வெள்ளைத்தாயிக்கு பீன்ஸ் ஆசைப்பட்டுத் தின்கிற பண்டம் இல்லை. அவள் புருஷன் சடையாண்டிக்கு முன்பல் இரண்டும் போய்விட்டது. மனுஷர்கள் போட்ட இரும்பு வேலியைக் கடித்துப் பார்த்ததில் போனது. எதுக்குய்யா கடிச்சே என்று கேட்டால் இன்றுவரை பேச்சை மாற்றிவிடுவான். பல் வைத்தியர் மரங்கொத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மரப்பட்டைய மறந்துடுங்க. கிழங்கும் கூடாது. பிஞ்சுக் காயா குடுங்கம்மா, இல்லேன்னா ஆளு தேறமாட்டாரு" என்று சொல்லிவிட்டார். காட்டில் பிஞ்சுக் காய் என்றால் பீன்ஸ்தான். ஆகவே பீன்ஸ் காய்த்தால் சடையாண்டி உண்டு, காய்க்காவிட்டால் இல்லை. ஐந்து வருஷத்தில் அவன் இளைத்து இளைத்து, தூரத்தில் பார்த்தால் முள் மட்டும் நடந்து வருகிற மாதிரி இருந்தான்.

தை பிறந்து நாலைந்து நாள் ஆனதும் மேட்டு வீட்டுக் கரடி மாயழகு தவறாமல் இறங்கி வருவான்.

"மதினி, பனி போயிருச்சு மதினி. எங்க மேட்டுல நேத்து ஒரு பொட்டு இல்ல. உங்க கைராசிக்கு இன்னைக்கே போட்டுருங்க."

"நீங்க போட்டுட்டீங்களா கொழுந்தனாரே?"

"எங்க மதினி! இடுப்பப் புடிச்சுக்கிட்டு நிமிர முடியல. அடுத்த வாரம் பாக்கணும்."

வெள்ளைத்தாயி அன்றைக்கே போடுவாள். எட்டாம் நாள் முளை வரும், பத்தாம் நாள் இரண்டு இலை விடும், பதினோராம் நாள் கருகும். மாயழகு வந்து, அடடா அடடா என்று உச்சுக்கொட்டி, தன் கையால் ஒரு பிடி விதையும் கொடுத்து, இன்னொரு தரம் போடச் சொல்லுவான். அதுவும் கருகும். அதற்குப் பிறகு மாசி பிறந்ததும், ஏதோ மணி அடித்த மாதிரி, காட்டில் இருக்கிற மற்ற நாற்பத்துமூன்று வீடும் ஒரே நாளில் பீன்ஸ் போடும். அத்தனையும் காய்க்கும். மனசில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பறிப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு கை கொண்டுவந்து வெள்ளைத்தாயியிடம் கொடுப்பார்கள். எல்லாம் நார் ஓடின முத்தல். சடையாண்டி ஒவ்வொன்றாக வாயில் போட்டுச் சப்பிவிட்டு, பத்திரமாக எடுத்துக் கீழே வைப்பான்.

ஆறாவது வருஷம், இரண்டாம் விதைப்பும் கருகின அன்று, வெள்ளைத்தாயி பாத்தியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். மேலே மரத்திலிருந்து பொத்தென்று ஒரு செல்போன் விழுந்தது. அந்த மரத்தில் குடியிருக்கிற கருமந்தி சூசையுடையது. திருப்பிப் பார்த்தாள். திரையில் ஒரு வாட்ஸ்அப் குரூப் திறந்திருந்தது. பெயர் 'பனி நிலவரம்'. உள்ளே அவளுடைய தோட்டத்துப் போட்டோ, பாத்தி பாத்தியாக, நாள் தவறாமல்.

'தை 28. பள்ளத்தில் கருகல். யாரும் விதைக்க வேண்டாம்' என்று சூசை போட்டிருந்தான். அதற்குக் கீழே மாயழகு: 'மதினிக்கு விதை தீர்ந்திருச்சு. இன்னொரு டெஸ்ட் பாக்கணும்னா யாராவது ஒரு பிடி குடுங்கப்பா, போன தடவை நான் குடுத்தேன்.' அதற்கும் கீழே முப்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். குளிர்காற்றுக்கு இறக்கம் எங்கேயோ அங்கே போய்த் தேங்குகிற குணம். காட்டிலேயே ஆகத் தாழ்ந்த இடம் வெள்ளைத்தாயி வீட்டுப் பள்ளம். கடைசிப் பனி அங்கேதான் விழும். அங்கே பிழைத்தால் எங்கேயும் பிழைக்கும். இது காட்டில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

சூசை மரத்திலிருந்து இறங்கி வந்தான். "அத்தாச்சி, அது என் போனு."

"இந்தக் குரூப்புல நான் இல்லையேப்பா?"

"நீங்க எதுக்கு அத்தாச்சி? உங்க தோட்டந்தான் இருக்கே."

அவள் போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்குள் போய் அப்படியே புருஷனிடம் சொன்னாள். சடையாண்டி படுக்கையில் எழுந்து உட்கார்ந்தான். "அப்ப இவனுக நாள் பாக்குறதுக்காடி நான் இத்தனை வருஷம் பட்டினி கெடந்தேன்?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த தையில் மாயழகு வந்து சொன்னதும் வெள்ளைத்தாயி வாயைத் திறக்காமல் விதைத்தாள். முளை வந்தது. அன்று முதல், பொழுது சாய்கிற நேரத்தில் காய்ந்த பெரணி இலையை அள்ளிக்கொண்டு வந்து பாத்தி முழுக்கப் போர்த்துவாள். காலையில் வெயில் பட்டதும் எடுத்துவிடுவாள். சூசைக்கு விடிவதே ஒன்பது மணிக்குத்தான், அதனால் இலை எடுப்பதை அவன் பார்த்ததில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பதினோராம் நாள் தாண்டியும் அவன் போட்டோவில் பச்சை விழுந்தது.

'பள்ளத்தில் பச்சை! பனி முடிந்தது!' என்று குரூப்பில் போட்டான். நாற்பத்துமூன்று வீடும் அன்றைக்கே விதைத்தது. மாயழகுக்கு இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. முளை வந்த மறுநாள் ஒரு பனி விழுந்தது பாருங்கள், மேடு பள்ளம் பார்க்காமல் விழுந்தது. காடு முழுக்கக் கருகல். பள்ளத்தில் மட்டும் பெரணிப் போர்வைக்குள் வெள்ளைத்தாயி பீன்ஸ் சௌக்கியமாக இருந்தது.

நியாயமான கதை என்றால் இதோடு முடித்து, அடுத்தவன் வயிற்றில் அடித்தவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் அந்தக் காட்டில் ஓர் ஆபீஸ் இருந்தது.

அவள் செடி மட்டும் கருகவில்லை என்று நாற்பத்துமூன்று வீடும் மனு எழுதிக் கொடுத்தது. வெள்ளைத்தாயிக்கு நோட்டீஸ் வந்தது. போய் வரிசையில் நின்றாள். டோக்கன் வாங்க ஒரு வரிசை, டோக்கனில் முத்திரை குத்த ஒரு வரிசை, முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வரிசை. உள்ளே அதிகாரி காட்டெருமை அசை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அவளுடைய முதல் பறிப்பு பீன்ஸ் ஒரு கூடை, சாட்சியமாக.

"ஏம்மா, உன் செடி ஏன் கருகல?" என்றார்.

"மூடி வச்சேன்யா."

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டா!" என்றான் மாயழகு. கூட்டம் ஓவென்று கத்தியது.

"யாரைக் கேட்டு மூடினே?"

"என் தோட்டம்யா அது."

"தோட்டம் உன்னுதும்மா, யாரு இல்லேன்னா? கருகல் பொதுச்சொத்து. அதுல நீ கை வைக்கலாமா?"

வெள்ளைத்தாயி விடவில்லை. சடையாண்டியைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "ஐயா, இந்த மனுஷன ஒரு நிமிஷம் பாருங்க. பிஞ்சு பீன்ஸ் இல்லேன்னா செத்துப்போவாரு. கருகினா பொதுச்சொத்துன்னா, காய்ச்சா எனக்கு. ரெண்டுல ஒண்ணு எனக்கு வேணும்யா. கருகலத்தான் குடுக்கணும்னா இவருக்கு நான் என்னத்தக் குடுக்க?"

காட்டெருமை அசை போடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். பிறகு ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டி, பொதுச்சொத்தைப் பராமரிக்கிறவர்களுக்குப் படி உண்டு என்று கண்டுபிடித்தார். உத்தரவு எழுதினார். வெள்ளைத்தாயி தோட்டம் இன்று முதல் அரசுப் பனிமானி. ஒவ்வொரு தையிலும் ஐந்தாம் தேதி அவள் விதைக்க வேண்டும், மூடக் கூடாது. முறையாகக் கருக விட்டதற்குப் படியாக, காட்டில் ஒவ்வொரு வீடும் வெள்ளிக்கிழமை தோறும் பிஞ்சு பீன்ஸ், அதுவும் முதல் பறிப்பு, அவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஏதாவது ஒரு வருஷம் கருகாமல் போனால் பனிமானி பழுது என்று கருதி, பதவி விண்ணப்பப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போகும்.

"முதல் பறிப்பா ஐயா?" என்றான் மாயழகு, குரல் கம்மிப்போய்.

"விதி அப்படித்தாம்ப்பா" என்றார் காட்டெருமை. சாட்சியத்தை அன்று மத்தியானமே தின்று தீர்த்தார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் பள்ளத்துக்கு இறங்குகிற பாதையில் வரிசை நின்றது. ஒவ்வொரு வீடும் கூடையோடு வந்தது. ஒரு காயில் நார் இருந்தால் சடையாண்டி திருப்பி அனுப்பினான். முதல் வருஷம் அவன் தேறினான், இரண்டாம் வருஷம் தொப்பை போட்டான், மூன்றாம் வருஷம் வளை வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருந்தது. வெள்ளைத்தாயி தை ஐந்தாம் தேதி விதைப்பாள், கருகும், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவாள். காட்டில் அவளுக்கு மரியாதை கூடிப்போனது. பதவிக்கு எழுதிப் போட்டவர்கள் மட்டும் பதினேழு பேர். எல்லாரும் தங்கள் தோட்டம் எத்தனை தடவை கருகியிருக்கிறது என்று சான்றிதழ் வைத்திருந்தார்கள். பட்டியலில் முதல் பெயர் மாயழகு. அவன் தன் மேட்டிலேயே ஒரு பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தான்.

நாலாவது வருஷம் பனி விழவில்லை.

தை ஐந்தாம் தேதி விதைத்தாள். முளை வந்தது, இரண்டு இலை, நாலு இலை. பன்னிரண்டாம் நாள், பதிமூன்றாம் நாள், ஒரு துளி பனியைக் காணோம். பதினாலாம் நாள் காலை ஏழு மணிக்கு வெள்ளைத்தாயி வெளியே வந்து பார்த்தாள். நாலு பாத்தியும் பச்சைப்பசேல் என்று, போர்வை இல்லாமல், யார் தயவும் இல்லாமல் நிமிர்ந்து நின்றது. இத்தனை வருஷம் போட்டதில் இப்படி ஒரு செழிப்பை அவள் பார்த்ததில்லை. குனிந்து ஒரு இலையைத் தொட்டாள். சந்தோஷத்தில் கண் நிறைந்தது, மெய்யாகவே நிறைந்தது. என் கையிலும் வரும், என் மண்ணிலும் வரும் என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். இந்த பீன்ஸ் ஒரு மாசம் காய்க்கும். படி ஆயுசுக்கும் வரும். மேட்டிலிருந்து மாயழகு மண்வெட்டி போடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

உள்ளே போய் அடுப்பில் பெரிய கெட்டிலை வைத்தாள். தளதளவென்று கொதித்ததும் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு பாத்தி விடாமல், வேர்வரை படும்படி நிதானமாக ஊற்றினாள். கண்ணீர் ஒரு பக்கம் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

சடையாண்டி வயிற்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தான்.

"அந்த ஓரத்துல பாரு," என்றான், "ஒண்ணு பச்சையா நிக்குது."

ஒன்பது மணிக்கு சூசை வந்தான். போட்டோ எடுத்தான். 'பள்ளத்தில் கருகல். யாரும் விதைக்க வேண்டாம்' என்று குரூப்பில் போட்டான். நல்ல வெயிலில் முதுகு காய நின்றுகொண்டு நாற்பத்துமூன்று வீட்டுக்காரர்களும் அதைப் படித்தார்கள், விதையை எடுத்து மறுபடியும் பானையில் போட்டார்கள்.

நீதி: பீன்ஸ் விதைக்க ஏற்ற காலம் மாசி, கருக வைக்க ஏற்ற காலம் காலை ஒன்பது மணிக்குள்.