தட்டை மாற்றியது நானல்ல, பாவாவின் ஜீப்

றொசல்ல
1957, ஐப்பசி 26

என்றும் என் மதிப்புக்குரிய ஆண்டியப்பன் மச்சான் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் இராமையா பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே மழை, அட்டை, சளி மூன்றையும் தவிர மற்றபடி நானும் மீனம்மாவும் பூரணியும் நலம். அங்கே தாங்களும் அக்காவும் மருதையும் இறம்பொடைக் குளிரில் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம். அக்காவுக்குக் கால் சுளுக்கு இறங்கிவிட்டதா? இறங்கவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டவும். இறங்கிவிட்டது என்றால் கொஞ்சம் எட்ட நின்றுகொண்டு படிக்கவும். பஸ் கண்டக்டர் கையில் நேற்றுக் கொடுத்தனுப்பிய பொட்டலம் இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். அதற்குள் இருக்கும் கறுப்புத் துண்டைக் கருவாடு என்று நினைத்து அக்கா சட்டியில் போட்டுவிடப் போகிறாள். அது ரப்பர். என் தரப்புக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

போன முகூர்த்த நாளில் எங்கள் பூரணியைத் தங்கள் மகன் மருதைக்கு நிச்சயம் பண்ணத் தாம்பாளத்தோடு வருவதாகச் சொன்ன நாங்கள் வராமல் போனதும், பூரணிக்கு வேறு இடத்தில் தட்டு மாற்றியாகிவிட்டது என்று தங்கள் காதில் விழுந்ததும், அக்கா அன்றிலிருந்து என் பெயரைச் சொல்லிச் சொல்லித் தேங்காய் துருவுவதாகக் கேள்விப்பட்டதும் எல்லாம் சேர்ந்து என்னைத் தூங்கவிடவில்லை. மச்சான், தட்டு மாறியது உண்மை. மாற்றியது நானல்ல. வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார்தானே பெண் வீட்டுக்கு வரவேண்டும்? அக்காவின் காலை உத்தேசித்துத்தான் நாங்கள் புறப்பட்டோம். குறையாகச் சொல்லவில்லை, சுளுக்கும் இதில் ஒரு பங்காளி என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

ஹட்டனில் கடை வைத்திருக்கும் பாவாவைத் தங்களுக்குத் தெரியும். சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன பழைய ஜீப்பை வாங்கி, பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பலகை அடித்து, கல்யாணம், கருமாதி, சந்தைக்குப் போகிற கோவாமூட்டை என்று எல்லாவற்றுக்கும் வாடகைக்கு ஓட்டுகிறவர். தங்கமான மனிதர், யாருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வராது. வந்த வினையே அதுதான். அன்றைக்கு எனக்கும் சரி என்று சொல்லியிருக்கிறார், டிக்கோயாக் கங்காணி அழகுமுத்துவுக்கும் சரி என்று சொல்லியிருக்கிறார். அழகுமுத்து தன் மகன் கந்தப்பனுக்கு நுவரெலியாப் பக்கம் தரகர் சொன்ன, முகம்கூடப் பார்க்காத ஒரு பெண்ணுக்குத் தட்டு கொண்டுபோகிறார். போகிற வழி ஒன்றுதானே, இரண்டு நல்ல காரியமும் ஒன்றாகப் போகட்டும் என்று பாவா எல்லோரையும் ஏற்றிக்கொண்டார். ஒரு பலகையில் நானும் மீனம்மாவும், அவள் மடியில் எங்கள் தட்டு. எதிர்ப்பலகையில் அழகுமுத்துவும் அவர் சம்சாரம் சண்முகவடிவும், அந்த அம்மாள் மடியில் அவர்கள் தட்டு. எங்கள் தட்டில் மாப்பிள்ளைக்கு வேட்டி, அவர்கள் தட்டில் பெண்ணுக்குச் சேலை. முழங்காலும் முழங்காலும் முட்டிக்கொண்டு மரியாதையாகப் போய்க்கொண்டிருந்தோம்.

தலவாக்கலைக்கு இந்தப்பக்கம் மண் சரிந்து பெரிய ரோட்டை மூடியிருந்ததால் பாவா ஒரு தோட்டத்து ரோட்டில் திருப்பினார். இந்த இடத்தில் தாங்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜீப்பின் அச்சுக்கு நேர் மேலே, அடிச்சட்டத்தில், சக்கரத்துக்கு ஒன்றாக ஒரு ரப்பர்க் கட்டை இருக்கிறது. பாவா அதை ஸ்டாப்பர் என்பார். வண்டி பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் பட்டை நசுங்கி அச்சு மேலே ஏறிவரும். அது இரும்பில் போய் மோதாமல் நெஞ்சு கொடுத்துத் தாங்குவது அந்த ரப்பர்தான். நல்ல ரப்பர் ஒரு பெரிய கொய்யாப்பழ அளவு இருக்கும். பாவாவின் ஜீப்பில் இருந்ததைத் தங்களுக்கு அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து வருகிறது, வருகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்த காலத்தில் அது பாக்குத் துண்டாகத் தேய்ந்துவிட்டது.

பள்ளம் வந்தது. டங்கென்று இரும்பும் இரும்பும் மோதிய சத்தம்தான் தெரியும், எங்கள் நாலு பேர் தலையும் மேலே தார்ப்பாயில் இடித்துத் திரும்பி வந்தன. தலைகளோடு தட்டுகளும் கிளம்பின. மச்சான், பெற்ற மகள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் எழும்பி, நடுவழியில் ஒன்றுக்கு ஒன்று ஒதுங்கி வழிவிட்டு, எதிர் மடியில் போய் உட்கார்ந்தன. சேலை எங்களிடம், வேட்டி அவர்களிடம். தேங்காய்கூடக் கவிழவில்லை. ஐயரை வைத்துச் செய்திருந்தால் இத்தனை ஒழுங்காக நடந்திருக்காது. அதோடு நின்றதா? அந்த அதிர்ச்சியில் ஹாரன் கம்பி எங்கேயோ ஒட்டிக்கொண்டு கெட்டிமேளம் மாதிரி விடாமல் அலற, மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, தட்டையும் பட்டையும் பூவையும் கண்டு, நல்ல காரியம் நடக்கிறது என்று கூடையைக்கூட இறக்காமல் குலவை போட்டுவிட்டார்கள். ஒரு மலை முழுக்கச் சாட்சி ஆகிவிட்டது.

நாங்க மாத்திக்கலைங்க, அதுவா மாறிருச்சு என்று நான் பதறினேன். சண்முகவடிவு அம்மாள் சேலையைக் கொடுத்த கையோடு வேட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: “நாம மாத்தியிருந்தா மனுசன் செஞ்சது. அதுவா மாறுனா மேல இருக்கறவ செஞ்சதுங்க.”

பாவா வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, “மேல இருக்கறவங்க இல்லம்மா, கீழ இருக்கற ரப்பரு” என்றார். அவர் ஒருவர்தான் அன்றைக்கு நியாயம் பேசினார். சரி, அந்த இடத்திலேயே திருப்பி மாற்றிக்கொள்வோம் என்றேன். மாறின தட்டைத் திருப்பி வாங்கினால் பெண்ணுக்கு ஆகாது என்று மீனம்மா தட்டை விடாமல் கட்டிக்கொண்டாள். மாறின தட்டை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அழகுமுத்து ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் இரண்டு குடும்பமும் அவரவர் வீட்டுக்கே திரும்பினோம். ஹாரன் வழி நெடுக அடித்துக்கொண்டே வந்தது.

தட்டு மாறியது ரப்பரால்தான் என்று நிலைநாட்டாமல் அக்கா முகத்தில் விழிப்பதில்லை என்று முடிவு பண்ணினேன். பாவாவைப் பிடித்து இழுத்து வந்து, என் கண் முன்னால் ரப்பர் மாற்ற வேண்டும், அப்புறம் அதே ஜீப்பில் தட்டு அசையாமல் இறம்பொடைக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் சிக்கனம் பார்த்து முதலில் ஒரு லொறி டயரை அறுத்து, கனமான துண்டுகளாகப் பழைய ரப்பர்மேல் பக்கத்திலிருந்தே கையை விட்டுக் கட்டினார். ரப்பர் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது என்று நானும் தலையாட்டினேன். ரப்பருக்கும் அச்சுக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் போய்விட்டது. ஒரு கூழாங்கல்லில் ஏறினாலும் ஜீப் ஆட்டுக்குட்டியாகத் துள்ளியது. கோயில் முடுக்கில் என் குடை தனியாகவும் நான் தனியாகவும் இறங்கினோம்.

அப்புறம்தான் அசல் ரப்பர் ரயிலில் வந்து சேர்ந்தது. பாவாவின் வயிறு வண்டிக்கு அடியில் போகாது என்பதால் நான் சாக்கை விரித்துப் படுத்து உள்ளே போனேன். கணக்கப்பிள்ளை வேலை பார்க்கிறவன் சேற்றில் மல்லாந்து கிடப்பதைப் பார்க்கத் தோட்டமே வந்தது. பழைய நட்டுத் துருப்பிடித்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினேன், பாதி என் காதுக்குள் போனது. அந்த நேரம் பார்த்து அழகுமுத்துவின் மகன் கந்தப்பன் வந்தான். அவன் அம்மாவின் பித்தளைத் தட்டைக் கேட்டு வந்தானாம். நல்ல பையன், வந்தவன் சும்மா நிற்காமல் ஜாக்கியைத் தூக்கிக் கொடுத்தான், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். பூரணி எல்லோருக்கும் பிளேன்டீ கொண்டுவந்தாள். கீழே கிடந்த எனக்குக் கால்கள்தான் தெரிந்தன. பூரணியின் கால்கள் வந்து நின்றன. கந்தப்பனின் கால்கள் ஏற்கனவே நின்றன. அப்புறம் இரண்டு ஜோடியும் அசையவே இல்லை. நான் ஸ்பேனர் கேட்டேன். மறுபடி கேட்டேன். தொண்டை கிழியக் கேட்டேன். ரப்பரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததாகப் பூரணி பிறகு சொன்னாள். கந்தப்பன் கேட்டு வந்த தட்டை மறந்தே போய்விட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் இயந்திரங்களில் எவ்வளவு அக்கறை. மருதையும் அப்படித்தானே, போன தடவை இங்கே வந்தபோது பூரணியிடம் ஒரு வார்த்தை பேசாமல் பொழுதுக்கும் பாவாவின் ஜீப்பையே சுற்றிச் சுற்றி வந்தான்.

நாலு ரப்பரும் பூட்டியாயிற்று. செம்பு நிறையத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு மோசமான ரோட்டில் போய் வந்தேன். வேட்டியில் கொஞ்சம் சிந்தியது, அது நான் சிரித்ததால். ஆகவே மச்சான், நாளைக் காலையில் டிக்கோயாவுக்குப் போய் அவர்கள் சேலையையும் தட்டையும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் தட்டோடு தங்கள் வாசலில் நிற்பேன். இராமையா வாக்கு மாறமாட்டான். அக்காவிடம் ரப்பரைக் காட்டிச் சாந்தப்படுத்தவும். மருதைக்கு எங்கள் ஆசி. எல்லோரும் நூறாண்டு இருந்து பேரன் பேத்தி எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத மைத்துனன்,
இராமையா

பி.கு.: ஹட்டன் தபால் கந்தோரில் போடலாம் என்று இதைப் பையில் வைத்துக்கொண்டுதான் இன்று காலையில் புறப்பட்டேன். சேலையைக் கொண்டுவரச் சொன்னேன். பூரணி வந்தாள். திருப்பிக் கொடுக்க வேண்டிய சேலை அவள் உடம்பில் இருந்தது. மீனம்மா புதுத் தட்டில் வெற்றிலை, பழம், புது வேட்டி எல்லாம் அடுக்கித் தயாராக நிற்கிறாள். “அப்பா, ஜீப்பு செஞ்ச வேலைய நீங்க ஒருதடவ கையால செஞ்சிருங்கப்பா” என்றாள் பூரணி. சின்ன வயதிலிருந்து இது வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்டதே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது மச்சான், மீனம்மா கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் தட்டு என் மடியில் தூங்கும் பிள்ளையாக இருந்தது. ஜீப் ஒரு தடவையாவது தூக்கிப் போட்டால் பழியை அதன்மேல் போடலாமே என்று பாவாவைப் பள்ளம் பார்த்து விடச் சொன்னேன். பாழாய்ப்போன புது ரப்பர், அசையவில்லை. சண்முகவடிவு அம்மாளும் புதுத் தட்டோடு வாசலில் காத்திருந்தாள். என் இரண்டு கையாலும் நானேதான் மாற்றினேன். அக்காவிடம் எப்படிச் சொல்வீர்களோ, அடி என் முதுகுக்கு. வெள்ளிக்கிழமை பாவாவோடு அழைக்க வருகிறேன், தாய்மாமன் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிற வழியில் ஸ்டியரிங்கை மருதை கையில் கொடுப்பதாகப் பாவா சத்தியம் செய்திருக்கிறார். அந்தத் தேய்ந்த ரப்பரை மட்டும் எறிந்துவிடாமல் பத்திரமாக எடுத்து வையுங்கள். பூரணி கேட்கிறாள்.