நாற்பத்தெட்டு மாகாணமும் ஒரு நாற்காலியும்

“எந்த மாகாணத்தில் குடியேறப் போகிறார்கள் என்பதைத் தலைவர் அவர்கள் இன்னும் திருவாய் மலர்ந்தருளவில்லையே?” என்று காரியதரிசி சபாபதி எழுந்து நின்று கேட்டபோதுதான், அமெரிக்காவில் மாகாணம் மாகாணமாக இருக்கிறது என்கிற விஷயமே பாக்கியசாமிக்கு நினைவுக்கு வந்தது.

அதற்குள் கைதட்டல் ஓய்ந்துவிட்டது. ‘அப்படியெல்லாம் ஒன்றுமில்லை’ என்று சொல்வதற்கான நேரமும் அதோடு போய்விட்டது.

நடந்தது மிகச் சின்ன சமாசாரம். பாக்கியசாமி தலைமைக் குமாஸ்தாவாக இருந்த மரக் கம்பெனிக்கு அன்று காலையில் ஓர் அமெரிக்கத் துரை தேக்கு பார்க்க வந்தார். போகும்போது கை குலுக்கி, “எங்கள் பக்கம் வந்தால் அவசியம் வந்து பாரும்” என்றார். மாடிப்படி இறங்கி, வாசலில் நின்ற தர்வானிடமும் அதையேதான் சொன்னார். தர்வான் அதை அந்த நிமிஷமே மறந்துவிட்டான். பாக்கியசாமி மறக்க முடியுமா? அவர் ரங்கூன் தமிழர் அறிவு விருத்திச் சங்கத்தின் தலைவர்; முந்தின தலைவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனதால் கிடைத்த பதவி. அன்று மாலை, ‘காலத்தின் அருமை’ என்ற பொருளில் இரண்டு மணி நேரம் பேசியதற்கு நடுவே, “அமெரிக்காவிலிருந்து நமக்கு அழைப்பு வந்திருக்கிறது” என்று ஒரு வாக்கியத்தைச் சும்மா தூவி வைத்தார்.

சபாபதி அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டார். “அன்பர்களே, நம் தலைவர் அமெரிக்காவிலேயே போய் வாசம் செய்யப் போகிறார்!” என்றார். அதுவரை கண்ணை மூடிப் பேச்சை ரசித்துக்கொண்டிருந்த சபை, ஒரே சமயத்தில் கண்ணைத் திறந்தது. அப்படி ஒரு கைதட்டலைப் பாக்கியசாமி தம் தலைமையில் கேட்டதே இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் ஆற்றைத் தாண்டி டல்லாவுக்குப் படகில் போனாலே வாந்தி எடுக்கிற உடம்பு அவருக்கு. அது கூடப் பெரிதில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி இருக்கிறதே, அதுதான் பெரிது. தேக்கில் கடைந்தது; இரண்டு கைப்பிடியிலும் சிங்கமுகம். சங்கத்தில் மற்ற எல்லாருக்கும் பெஞ்சுதான். ஆபீசில் அவருக்கு முக்காலி. வீட்டில் ஒரு சாய்வு நாற்காலி உண்டு; ஆனால் மழைக்காலம் முழுக்க அதில் ஈரத்துணிதான் சாய்ந்திருக்கும். இந்த உலகத்தில் பாக்கியசாமி கை வைத்து உட்கார ஒரே ஓர் இடம் அந்தச் சிங்கமுக நாற்காலி. போகிறேன் என்றால் நாற்காலி போகும். போகவில்லை என்றால் மானம் போகும்.

இரண்டும் போகாமலிருக்க ஒரு வழி தோன்றியது.

“அமெரிக்காவில் மொத்தம் நாற்பத்தெட்டு மாகாணம்” என்றார் கம்பீரமாக. எண்ணிக்கை எப்படியோ நினைவிலிருந்தது. “அதில் சிறந்தது எது என்று ஆராயாமல் அவசரப்படக் கூடாது.”

“நாப்பத்தெட்டா!” என்று துள்ளினார் இராமையா. அரிசி மில்லில் கணக்கர். நெற்றி நிறைய விபூதி. “ஒரு மண்டலக் கணக்கு தலைவரே! இதைவிட நல்ல சகுனம் ஏது?”

வாரம் ஒரு மாகாணம் என்று ஆராய்ந்தாலும் அநேகமாக ஒரு வருஷம் ஓடிவிடும், அதற்குள் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று பாக்கியசாமி மனக்கணக்குப் போட்டார். டிராமில் ஏறித் தாமுவேயில் இருந்த வீட்டுக்கு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த சனிக்கிழமை சங்கத்துக்கு வந்தால் உள்ளே நுழைய இடமில்லை. சந்தா கட்டியதோடு சரி என்று இருந்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். சுவரில் பெரிய அமெரிக்க தேசப்படம் தொங்கியது. கையில் பிரம்போடு சபாபதி நின்றார்.

“இவ்வளவு பெரிய பாரத்தைத் தலைவர் ஒருத்தரே சுமக்கிறதா? அப்புறம் சங்கம்னு ஒண்ணு எதுக்கு? நாங்க ஆளுக்கொரு மாகாணமாப் படிச்சுட்டு வந்திருக்கோம்.”

பிரம்பு கலிபோர்னியாவைத் தொட்டது. “ஆரஞ்சும் திராட்சையும் வாசல்லயே காய்க்குதாம்.”

“பூகம்பம் வருமே?” என்றார் பாக்கியசாமி.

“வாஸ்தவம். அடிச்சுடுங்க.” படத்தருகே நின்ற ஓர் அங்கத்தினரின் கரித்துண்டால் கலிபோர்னியாவின் மேல் ஒரு கோடு விழுந்தது. “நியூயார்க்? வானத்தை முட்டற கட்டடம்.”

“எனக்கு முழங்கால் வலி.”

“படி ஏறவே வேணாம் தலைவரே. ஒரு கூண்டு இருக்காம். உள்ளே போய் நின்னாப் போதும், அதுவே தூக்கிட்டுப் போயிடும்.”

“கயிறு அறுந்தா?”

“நியாயமான கேள்வி. அடிங்க.”

ஆட்சேபணை சொல்வது இவ்வளவு சுலபமா என்று பாக்கியசாமிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “பனி பெய்கிற இடம் எதுவும் எனக்கு ஆகாது. மார்புச் சளி” என்று அறிவித்தார். சபாபதி தலைவணங்கி, கரித்துண்டைத் தாமே வாங்கி, படத்தின் வடக்குப் பாதி முழுவதையும் ஒரே இழுப்பில் அடித்தார்.

அப்போதுதான் பாக்கியசாமி படத்தை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வருஷத்துக்கு வருமென்று நம்பிய மாகாணங்களில், தாம் வாயைத் திறந்து மூடுவதற்குள் பாதி காலி. இந்த வேகத்தில் போனால் காப்பி வருவதற்குள் ஒரே ஒரு மாகாணம்தான் பாக்கி நிற்கும். அதில் அவரைக் கொண்டுபோய்க் குடிவைத்துவிடுவார்கள்.

சட்டென்று ரயிலைத் தடம் மாற்றினார். “ஒன்று சொல்கிறேன். சோறு இல்லாத இடத்தில் தமிழன் எப்படி வாழ்வான்? நெல் விளைகிற மாகாணம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.”

அமெரிக்காவில் கோதுமைதான் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

“லூசியானா!” என்று பெஞ்சிலிருந்து எழுந்தார் இராமையா. “நெல்லு கொட்டிக் கிடக்கு தலைவரே! அவங்க அரிசி நம்ம அரிசிக்குப் போட்டியா வருதுன்னு எங்க மில் துரை தெனம் ஒரு தடவை வையறாரு. மழை உண்டு, சேறு உண்டு, கொசு உண்டு, ஆத்துல முதலை கூட உண்டு. அச்சா நம்ம ரங்கூனேதான்!”

“அப்படியானால் ரங்கூனிலேயே இருந்துவிடலாமே?” என்றார் பாக்கியசாமி, அடிவயிற்றிலிருந்து.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. “தலைவரின் ஹாஸ்யமே ஹாஸ்யம்!” என்று சபாபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனி மனைவிதான் கதி. வீட்டுக்குள் நுழைந்ததுமே, தலைக்கு மேல் தொங்கிய ஈர லுங்கி ஒன்றை விலக்கிக்கொண்டு, “ஏன் மக்தலேனா, லூசியானா உனக்குப் பிடிக்காதுதானே?” என்றார்.

மக்தலேனா நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். “அங்க துணி காயுமாங்க?”

“காயவே காயாது! இங்கே மாதிரியே மழை.”

“அப்ப எனக்கு வேணாம். மாதாவே, ஒரு சட்டை காய ஆறு நாள்! இதே கண்ணராவியை அனுபவிக்கக் கப்பலேறிப் போகணுமா?”

பாக்கியசாமிக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. திங்கட்கிழமை காலையிலேயே சபாபதியைத் தேடிப் போய், துணி காயாத காரணத்தால் தம் மனைவி சம்மதிக்கவில்லை என்று மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்தார்.

“அம்மா சொல்றது நூத்துக்கு நூறு நியாயம்” என்றார் சபாபதி. “நாமதான் பொம்பளைங்க கஷ்டத்தை நினைச்சுப் பார்க்கல. கவலைய விடுங்க.”

அவர் கவலையை விட்ட அந்த மாலையில், சபாபதியின் மனைவி நீலாம்பாள் வெற்றிலைத் தட்டோடு தாமுவேக்கு வந்து போயிருந்தாள். பாக்கியசாமி ஆபீசிலிருந்து திரும்பியபோது வீட்டில் பாதிச் சாமான் மூட்டையாகியிருந்தது.

“அரிசோனாவாம்ங்க!” என்றாள் மக்தலேனா. கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு களையை அவர் பார்த்ததில்லை. “மழைங்கிற பேச்சே கெடையாதாம். கொடியில போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள மொடமொடன்னு காஞ்சிடுமாம். வீட்டுக்காரம்மா டோ மியாகிட்ட காலி பண்றோம்னு சொல்லிட்டேன். அவங்க அக்கா மகன் குடும்பம் ஒண்ணாந்தேதி வருது.”

“அடிப்பாவி! அங்கே சோறு கிடைக்காதே!”

“பக்கத்து மாகாணத்துலேருந்து ரயில்ல வருமாம்.”

“நாப்பி?” என்றார் கடைசி நம்பிக்கையாக. பர்மாக்காரர்களின் அந்த மீன் விழுது இல்லாமல் மக்தலேனாவுக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

“ரெண்டு ஜாடி வாய்கட்டி வச்சுட்டேன்” என்றாள்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, கப்பல் ஏஜெண்டு ஆபீசில் இருந்த அமிர்தநாதனிடம் ஓடினார். ஒரே கோயிலில் பூசை காண்கிற சிநேகிதம்.

“அமிர்தம், அரிசோனாவிலே கடலே கிடையாதாமே? கப்பல் எப்படிப் போகும்? போகாதுதானே?”

“அரிசோனாவை விடுங்கண்ணே. உங்களை அமெரிக்காவுல எங்கயும் எறங்கவே விடமாட்டான். மகாயுத்தம் நடக்கறப்பவே சட்டம் போட்டுட்டான். நம்ம ஆளுங்க அங்க போய்க் குடியேற முடியாது.”

“நாற்பத்தெட்டிலுமா?”

“நாப்பத்தெட்டுலயும்.”

பாக்கியசாமி மேஜைக்குக் குறுக்கே பாய்ந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். “நீ நல்லா இருக்கணும் அமிர்தம்! உன் பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்!”

இதே சேதியைக் கேட்டு ஆத்திரப்பட்டவர்களை அமிர்தநாதன் பார்த்திருக்கிறார், அழுதவர்களையும் பார்த்திருக்கிறார். ஆசீர்வாதம் செய்தவரை அன்றுதான் பார்த்தார்.

இதைவிட கௌரவமான வழி கிடைக்குமா? போக மறுத்தது பாக்கியசாமி இல்லை. விட மறுத்தது அமெரிக்கா. வீட்டை எப்படியாவது டோ மியாவிடம் கெஞ்சி மீட்டுக்கொள்ளலாம். நாற்காலி பிழைத்தது. சபாபதி ஒன்றாம் தேதிக்கு ஏற்பாடு செய்திருந்த வழியனுப்பு விழாவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஒருவரிடமும் மூச்சு விடாமல், சோகமான பிரசங்கம் ஒன்றைத் தயார் செய்தார்.

விழா நாளன்று சங்க வாசலில் வாழைமரம், உள்ளே காகிதத் தோரணம், மூலையில் பாண்டு வாத்தியம். மாலைகள் காது வரை ஏறின. பழக்கதோஷத்தில் சிங்கமுக நாற்காலியை நோக்கி நடந்தவரைச் சபாபதி தோளைப் பிடித்துப் பதவிசாகத் திருப்பினார். “இன்னிக்கு நீங்க விருந்தாளி. உங்களுக்குன்னு தனி ஆசனம்.” அது ஒரு பிரம்பு நாற்காலி. சிங்கமுகத்தில் சபாபதியே போய் உட்கார்ந்தார். புதிய தலைவராக அவரை முதல்நாளே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம்.

பாக்கியசாமி எழுந்தார். குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு சட்டத்தைச் சொன்னார். “ஆகவே அன்பர்களே, நெஞ்சு உடைந்தாலும் உங்களை விட்டுப் போக முடியாத நிலையில்…”

“அநியாயம்!” என்று சிங்கமுகத்தை ஒரு குத்துக் குத்தினார் சபாபதி. “நம் முன்னாள் தலைவர் இதற்குப் பயந்து நின்றுவிடுவார் என்று அமெரிக்கா நினைக்கிறதா?”

“ஒருநாளும் இல்லை!” என்றது சபை.

“அவர் போவார்! இறங்குவார்! தமிழர் மானத்தைக் காப்பாற்றுவார்!”

“பிடித்து ஜெயிலில் போட்டுவிடுவார்களே!” என்று கத்தினார் பாக்கியசாமி.

“அப்படின்னா ஜெயில் எந்த மாகாணத்துல நல்லா இருக்கும்னு பாக்கணுமே!” என்றார் இராமையா, மிகுந்த அக்கறையோடு.

அதற்கு மேல் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. பாண்டு வாத்தியம் முழங்கியது. நாலு பேர் அவரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, பூச்சரம் சுற்றிய குதிரைவண்டியில் உட்கார வைத்தார்கள். மக்தலேனா ஏற்கெனவே மூட்டைகளுக்கு நடுவில், மடியில் இரண்டு ஜாடியோடு உட்கார்ந்திருந்தாள். சபாபதி வண்டிக்காரன் ஜாபரின் காதில் ஏதோ சொல்லி, கையசைத்து அனுப்பினார்.

தெருமுனை தாண்டி வாத்தியச் சத்தம் தேய்ந்ததும் பாக்கியசாமி உண்மையை மனைவியிடம் கொட்டினார். துரை கை குலுக்கியதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார்.

மக்தலேனா மடியிலிருந்த ஜாடிகளைக் கீழே இறக்கி வைத்தாள். பிறகு, “அந்தச் சாய்வு நாற்காலியில ஒரு நாளாவது துணியை எடுத்துட்டு உங்களை உட்கார வச்சிருந்தா, இந்தச் சங்கத்துக்கே போயிருக்க மாட்டீங்க இல்ல?” என்றாள்.

அவருக்குக் கண் கலங்கியது. திரும்பிப் போக முகமில்லை. போனாலும் வீட்டில் டோ மியாவின் அக்கா மகன் இருப்பான். கப்பல்துறைக்குப் போய்த்தான் என்ன செய்வது? வெளியே எட்டிப் பார்த்தார். ஆற்றங்கரைப் பக்கமே காணோம். வண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தது.

“ஏம்பா ஜாபர், ஜெட்டிக்கு இது வழி இல்லையே?”

“தெரியும் ஐயா” என்றான் ஜாபர், திரும்பிப் பார்க்காமல். “சபாபதி ஐயா ஊருக்கு வெளியே இருக்கற இன்சீனுக்குத்தான் வண்டி பேசியிருக்காரு, உங்களுக்கு முந்தின தலைவரை ஆஸ்திரேலியாவுக்கு வழியனுப்பினப்பவும் அங்கதான் கொண்டுபோய் விட்டேன், அவரு பக்கத்து வீடு காலியா இருக்காம்.”