பேர் தெரியாத ஒன்னுக்குக் கடிதம் வாங்கின கதை

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். ஜாம் போத்தல் ஒன்னைக் கொண்டு போய் கெலிஓயாவுல ஒருத்தர்கிட்ட காட்டணும். அவ்வளவுதான்!

போத்தலுக்குள்ள என்னன்னு கேக்குறீங்களா? அதானே எனக்கும் தெரியல.

சண்டை நடந்துகிட்டிருந்த காலம். கண்டியில மத்தவங்க வீட்டுல அரிசியும் மாவும் சேத்து வச்சாங்க. நான் கடலைச் சேத்து வச்சேன். கொழும்புச் சிநேகிதன் ஒருத்தன் வெளிநாடு போகும்போது தன்னோட கண்ணாடித் தொட்டியை என் தலையில கட்டிட்டுப் போயிட்டான். உப்புத்தண்ணி, ரெண்டு மீன், ஒரு கல்லு, கல்லு மேல பச்சைப் பவளம் ஒன்னு. நகைக்கடைப் பவளம் இல்லங்க, உயிருள்ளது! காலையில பூ மாதிரி விரியும். அதைப் பாக்காம நான் கந்தோருக்கு, அதான் ஆபீசுக்கு, போனதே இல்ல.

ஒரு நாள் பவளத்துக்குப் பக்கத்துல புதுசா ஒன்னு முளைச்சிருந்துச்சு. பழுப்பு நிறம். மெல்லிசா ஒரு தண்டு, மேல சுத்திவர விரல் விரலா. தொட்டா உள்ள இழுத்துக்குது.

"சாந்தி! நம்ம பவளம் குட்டி போட்டிருக்கு!"ன்னு கத்தினேன்.

மனைவி வந்து குனிஞ்சு பாத்தா. "அம்மா ஜாடை கொஞ்சங்கூட இல்லையே"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

நான் விடுவேனா? கந்தோர்ல லட்டு குடுத்தேன். மூணு வாரம் இறால் நறுக்கி அந்தக் குட்டிக்கு ஊட்டினேன். எங்களுக்குக் கருவாடு! குட்டி நல்லா கொழுத்துச்சு. ஆனா பவளம் நாளுக்கு நாள் சுருங்கிச்சு. நாலாவது வாரம் விரியவே இல்ல.

கெலிஓயாவுல கடல் மீன் வளக்கிற முஸ்லிம் நானா ஒருத்தருக்கு போன் போட்டேன்.

"தண்டு, விரல்னு சொன்னா எப்படி வெளங்கும்? கொண்டாங்க. கண்ணால கண்டாத்தான் சொல்லலாம்."

உடனே ஒரு கத்தியை எடுத்து, கல்லுல இருந்து குட்டியைச் சுரண்டி, போத்தல்ல போட்டேன். பாதிதான் வந்துச்சு.

கிளம்பும்போது சாந்தி சொன்னா, "பேராதனைக்கிட்ட ஆமி செக் பொயிண்ட் இருக்குங்க. கிராம சேவகர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டுப் போங்க."

அந்தக் காலத்துல எங்க தமிழ் ஆளுங்களுக்குக் கடிதம்தான் துணை. அடையாள அட்டை ஒரு சட்டைப் பையில, சீல் குத்தின கடிதம் இன்னொரு பையில.

கிராம சேவகர் மஹத்தயா பேனாவைத் திறந்தாரு. எல்லாம் சிங்களத்துலதான் பேசினோம்; மஹத்தயான்னா ஐயா.

"கொண்டு போற பொருளோட பேர்?"

"அதைக் கேக்கத்தான் போறேன்."

"பேர் இல்லாததுக்கு எப்படி கடிதம் எழுதுறது?"

"கொண்டு போனாத்தானே மஹத்தயா பேர் தெரியும்!"

"கடிதம் இல்லாம கொண்டு போக ஏலாதே!"

ரெண்டு பேரும் குனிஞ்சு போத்தலைப் பாத்தோம். அது எங்களைப் பாத்து விரலை ஆட்டிச்சு. கடைசியில நேர்மையான மனுசன் நேர்மையா எழுதினாரு: "இவர் என் பிரிவில் வசிப்பவர். இவர் கையில் உள்ள போத்தலில் இருப்பது என்னவென்று இவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." கீழ சீல்!

சீலைப் பாத்ததும் எனக்கு ஒரே தைரியம்.

பஸ் செக் பொயிண்ட்டுல நின்னுச்சு. இளவட்ட ஆமிக்காரர் ஒருத்தர் ஏறினாரு. என் அட்டையைப் பாத்தாரு. போத்தலைப் பாத்தாரு. அவராவே, "மீனா?"ன்னு கேட்டாரு.

மக்களே, "ஆமா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்!

ஆனா கடிதம் சும்மா இருக்கே! எடுத்து நீட்டினேன்.

அவர் ஒரு தடவை படிச்சாரு. இன்னொரு தடவை படிச்சாரு. முகம் மாறிச்சு. "எல்லாரும் இறங்குங்க!"

கொண்டக்டர் கெஞ்சினாரு, "ஐயோ சேர், பாதிப் பேர் கம்பளைக்குக் கல்யாணத்துக்குப் போறாங்க!"

பட்டுச் சேலை கட்டின ஒரு அம்மா என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்துகிட்டே, "நல்ல மனுசன்னு பக்கத்துல உக்காந்தேனே"ன்னாங்க.

போத்தலை மண்மூட்டை மேல வச்சாங்க. சனமெல்லாம் முப்பது அடி தள்ளி நின்னுச்சு. நானும் தள்ளிப் போகப் பாத்தேன்.

"நீ அங்கேயே நில்லு!"

இப்ப சிரிச்சுகிட்டு எழுதுறேன். அன்னைக்கு உண்மையாவே பயந்துட்டேன். அந்த நாள்ல கூட்டிட்டுப் போனா எப்ப வருவோம்னு யாருக்கும் தெரியாது. இந்தச் சனியன் வேற, வெயில் பட்டதும் ஜோரா விரிஞ்சுது. ஆமிக்காரர் ரெண்டு அடி பின்னால பாஞ்சாரு.

உள்ள இருந்து பெரியவர் வந்தாரு. மீசை வச்ச கோப்ரல். கடிதத்தைப் படிச்சிட்டு, போத்தலைக் கையில எடுத்து வெளிச்சத்துல பிடிச்சாரு. அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"மஹத்தயா, என் ஊர் மாத்தறைக் கடலோரம். அங்க கல்லு முழுக்க இதுதான்! பவளம் இல்ல, கடல் பூ சாதி. பக்கத்துல இருக்கிற பவளத்தைக் கொட்டிக் கொட்டியே கொன்னுடும். இதை எப்படி எடுத்தீங்க?"

"சுரண்டி."

"ஐயையோ! மிஞ்சின துண்டெல்லாம் ஒவ்வொன்னும் புதுசா ஒன்னா வளருமே! தேசிக்காய்ப் புளியை ஊசியில எடுத்து, ஒவ்வொன்னுக்கும் குத்துங்க."

அன்னைக்குப் பின்னேரமே தொட்டியில மிஞ்சின பதினோரு பேருக்கு எலுமிச்சை ஊசி போட்டேன். ரெண்டு வாரத்துல பவளம் மறுபடி விரிஞ்சுது. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

ஆனா அதுக்கு முன்னால, செக் பொயிண்ட்டை விட்டு வரணும்னா பதிவுப் புத்தகத்துல கையெழுத்துப் போடணுமே! பஸ்ல இருந்து ஆளுங்களை ஏன் இறக்கினோம்னு கோப்ரல் காரணம் எழுதணும். யோசிச்சு யோசிச்சு எழுதி, எனக்கு வாசிச்சுக் காட்டினாரு: "தமிழர் ஒருவர், போத்தல் ஒன்று. சோதித்ததில், ஆபத்தானது போத்தலில் இருப்பது மட்டுமே."

அந்த வருசங்கள்ல அரசாங்கம் என்னைப் பத்தி எழுதின ஒரே நல்ல வார்த்தை அதுதான். பிரதி ஒன்னு கேட்டேன், தர ஏலாதுன்னுட்டாங்க.